நான்காம் தலைமுறைக்கு எதை விட்டுச் செல்கிறோம்?



கடந்த ரமலானில் நோன்புக் கஞ்சிக்காக நன்கொடை கேட்டிருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், பத்து நாட்களுக்குள் மாதம் முழுவதற்கும் தேவையான தொகை வந்து சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் இருபத்தேழாம் நோன்பு வரை வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு அலைவோம். அந்தச் சிரமத்தை அல்லாஹ் நீக்கிவிட்டான். ஆனால் அஸர் தொழுகைக்குப் பிறகு அண்டாவுக்கு அருகில் நின்று கஞ்சி ஊற்றிக் கொடுத்தவர்கள் நான்கு பேர்தான். நால்வருக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது. ஒருவருக்கு முழங்கால் வலி. நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் ஊற்றினார். உதவிக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள் என்று ஒரு வீட்டாரிடம் கேட்டபோது, அந்த வீட்டு இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "மாமா, எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, இப்பவே ஜிபே பண்ணிடுறேன். கூலிக்கு ஆள் வச்சுக்கோங்க."

அவர் சொன்னபடி பணமும் அனுப்பினார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பதில் எங்கள் மனதில் தங்கிவிட்டது என்பதற்காகச் சொல்கிறோம்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பெரியவர் வஃபாத்தானார். மையித்தைக் குளிப்பாட்ட வழக்கம்போல் நாங்கள் போயிருந்தோம். மகனை உள்ளே அழைத்தோம். வாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றும் உரிமை முதலில் அவருக்குத்தானே! அவர் வாசலிலேயே நின்றார். "எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்களே செய்துவிடுங்கள்" என்று சொல்லி அழுதார். வாப்பாவின் மீது பாசம் இல்லாதவர் அல்ல அவர். மருத்துவச் செலவுக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவர். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காதவர்களில் நாங்களும் உண்டு.

பணம் பெருகும்போது கைகள் ஏன் குறைகின்றன? ஒரு தலைமுறை கஷ்டப்பட்டுக் கட்டியதை அடுத்தடுத்த தலைமுறைகள் ஏன் தொலைத்துவிடுகின்றன? இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்த ஓர் ஆலிம் இருந்தார். அவர்தான் இமாம் இப்னு கல்தூன் (ரஹ்). மனிதனைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் அவர் சொன்ன சில கருத்துகளை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

துனிஸில் பிறந்து கெய்ரோவில் மறைந்தவர்

இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமலான் மாதத்தில், அதாவது கி.பி. 1332இல், வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் பிறந்தார். முன்னோர்கள் யமனின் ஹள்ரமவ்த் பகுதியைச் சேர்ந்தவர்கள். பின்னர் ஸ்பெயினின் இஷ்பீலியாவில், இன்றைய செவில் நகரில், பல தலைமுறைகள் செல்வாக்கோடு வாழ்ந்தவர்கள். 1248இல் அந்நகரம் கிறிஸ்தவ அரசரின் கைக்குப் போவதற்குச் சற்று முன்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தவர்கள். ஒரு குடும்பம் உயர்வதும் தாழ்வதும் எப்படி என்பதை அவர் ஏட்டில் படிக்கவேண்டியிருக்கவில்லை. சொந்த வீட்டுக் கதையே அதுதான்.

குர்ஆனை மனனம் செய்து, ஹதீஸும் மாலிக்கி மத்ஹபின் ஃபிக்ஹும் கற்றுக்கொண்டிருந்த பதினாறு, பதினேழு வயதில் பெரும் கொள்ளைநோய் துனிஸைத் தாக்கியது. 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய அந்த நோயில் வாப்பாவையும் உம்மாவையும் ஆசிரியர்களில் பலரையும் இழந்தார். பிறகு துனிஸ், ஃபாஸ், கிரானடா என்று பல அரசவைகளில் பணியாற்றினார். சூழ்ச்சிகளுக்கு நடுவே ஃபாஸில் இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையிலும் இருந்தார். 1364இல் கிரானடாவின் தூதராகச் செவிலுக்குப் போனபோது, தன்னிடமே தங்கிவிட்டால் முன்னோர்களின் சொத்தைத் திருப்பித் தருவதாக அந்நாட்டு அரசர் ஆசை காட்டினார். அவர் ஏற்கவில்லை.

அரசியல் அலுத்துப்போய் 1375இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற ஒதுக்குப்புறமான கோட்டையில் குடும்பத்தோடு தங்கினார். அங்கேதான் தம் பெரிய வரலாற்று நூலுக்கு முன்னுரையாக 'முகத்திமா'வை 1377இல் எழுதி முடித்தார். முதல் வடிவத்தை ஐந்தே மாதங்களில் எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். 1382இல் எகிப்து சென்று அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார். 1384இல் மாலிக்கி மத்ஹபின் தலைமை காழியானார். அதே காலத்தில், அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் பயணம் செய்த கப்பல் அலெக்சாந்திரியா அருகே மூழ்கியது. அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டு வாழ்ந்து, 1406இல் கெய்ரோவில் வஃபாத்தானார்.

இத்தனை இழப்புகளைக் கண்டவர் மனிதனைப் பற்றிக் கசப்பாக எழுதியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இது ஏன் இப்படி நடக்கிறது என்று காரணத்தைத் தேடினார். முகத்திமா முழுவதும் அந்தத் தேடல்தான்.

ஒரு நாள் உணவுக்கு எத்தனை கைகள்?

மனிதனைப் பற்றி அவர் முதலில் சொல்வது எளிமையான ஒரு விஷயம். தனி மனிதனால் தன் ஒரு நாள் உணவைக்கூடத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒரு நாளைக்குப் போதுமான கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதை அரைக்கவேண்டும், பிசையவேண்டும், சுடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பாத்திரமும் கருவியும் வேண்டும். அவற்றைச் செய்யக் கொல்லரும் தச்சரும் குயவரும் வேண்டும். சரி, அரைக்காமல் தானியமாகவே தின்றுவிடுவோம் என்றாலும், விதைப்பவரும் அறுப்பவரும் கதிரடிப்பவரும் இல்லாமல் தானியம் எங்கிருந்து வரும்? மனிதர்கள் சேர்ந்து உழைக்கும்போதோ, உழைத்தவர்களின் தேவையைப் போலப் பல மடங்கு விளைகிறது. ஆகவே சேர்ந்து வாழ்வது மனிதனுக்கு இருந்தால் நல்லது என்ற வகையைச் சேர்ந்தது அல்ல. அது இல்லாவிட்டால் அவன் உயிர் வாழவே முடியாது என்பது அவர் வாதம்.

நம் கஞ்சிக் கோப்பையை இந்தக் கண்ணோடு பார்ப்போம். அரிசி ஒரு ஊரிலிருந்து வருகிறது. பருப்பு இன்னோர் ஊரிலிருந்து வருகிறது. கறியும் இஞ்சியும் பூண்டும் மல்லிப்புதினாவும் யார் யாரோ வளர்த்து, அறுத்து, பறித்து, சுமந்து கொண்டுவந்தவை. அவர்களில் பலர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். நம் பெயரைக்கூட அறியாதவர்கள். இத்தனை பேரின் உழைப்பில்தான் நாம் நோன்பு திறக்கிறோம். எனக்கு யாருடைய தயவும் தேவையில்லை என்று சொல்லிக்கொள்பவரின் கையில் இருக்கும் கோப்பையும் அப்படி வந்ததுதான்.

மனிதனுக்குள் இன்னொரு பக்கமும் உண்டு என்பதை இப்னு கல்தூன் மறைக்கவில்லை. உதவி தேடும் அதே மனிதனிடம் பிறர் பொருளைப் பறிக்கும் குணமும் இருக்கிறது. எனவே தடுத்து நிறுத்த ஓர் அதிகாரம் வேண்டும். அதை 'வாஸிஃ' என்று குறிப்பிடுகிறார். மனிதன் முழுக்க மலக்கும் அல்ல, முழுக்க மிருகமும் அல்ல என்ற நிதானமான பார்வை இது. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் கணக்கை ஆண்டுதோறும் வெளியாள் தணிக்கை செய்யவேண்டும் என்று நாங்களே வற்புறுத்துவதும் அதனால்தான்.

அஸபிய்யா: எது கூடாது, எது வேண்டும்?

இப்னு கல்தூனின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் சொல் 'அஸபிய்யா'. ஒருவருக்கு ஒன்று என்றால் எல்லோரும் ஓடிவரும் பிணைப்புக்கு அவர் வைத்த பெயர் அது. ஒரு கூட்டம் எழுவதும் நிலைப்பதும் இந்தப் பிணைப்பால்தான். அது தளரும்போது, எவ்வளவு செல்வமும் படையும் இருந்தாலும் அந்தக் கூட்டம் விழுந்துவிடும்.

இங்கே சிலருக்கு ஒரு சந்தேகம் எழும். அஸபிய்யாவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்களே? உண்மைதான். இந்தக் கேள்வியை இப்னு கல்தூனே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். கண்டிக்கப்பட்டது, ஜாஹிலிய்யா காலத்தில் இருந்ததைப்போல அநியாயத்துக்குத் துணை போகும் இனவெறி. குலப்பெருமை பேசிப் பிறரைத் தாழ்த்துவது. நியாயத்தை நிலைநாட்டவும் பலவீனரைக் காக்கவும் தோள் கொடுக்கும் பிணைப்பு கண்டிக்கப்படவில்லை. அது இல்லாமல் மார்க்கத்தின் பணிகளே நடக்காது என்கிறார். மார்க்கப்பற்று அந்தப் பிணைப்புக்கு மேலும் பலம் சேர்க்கிறது. உள்ளத்திலிருந்து பொறாமையையும் போட்டியையும் அகற்றி எல்லோரையும் ஒரே திசையில் திருப்புகிறது.

இன்னொன்றையும் அவர் சொல்கிறார். வம்சம் என்பது மனதில் கொள்ளும் ஓர் எண்ணம்தான். அதனால் உண்டாகும் நெருக்கமே அதன் பயன். நெருக்கம் போய்விட்டால் வம்சாவளியைச் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு பயனும் இல்லை. மறுபக்கம், இரத்த உறவு இல்லாதவர்களும் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து சிரமப்பட்டால் அதே நெருக்கம் அவர்களுக்குள்ளும் உண்டாகிவிடும்.

வளைகுடா போய்வந்த நம் சகோதரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கியிருப்பார்கள். ஒருவர் தஞ்சாவூர், ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் கேரளா. முறை வைத்துச் சமைப்பார்கள். ஒருவருக்கு வேலை போய்விட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுச் சாப்பாடு கொடுப்பார்கள். ஒருவர் இறந்துவிட்டால் இரவோடு இரவாகப் பணம் திரட்டி, தாள்களைச் சரிசெய்து, ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். அவர்கள் ஒரு வாப்பாவின் பிள்ளைகள் அல்லர். ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். அதே சகோதரர் ஊருக்குத் திரும்பி, சுற்றுச்சுவர் உள்ள வீடு கட்டிய பிறகு, அடுத்த வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை என்பதை வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அவர் மாறவில்லை, அவருடைய வாழ்க்கைச் சூழல் மாறிவிட்டது.

நான்கு தலைமுறைக் கணக்கு

ஒரு குடும்பத்தின் கண்ணியம் பொதுவாக நான்கு தலைமுறைகளில் முடிந்துவிடுகிறது என்று முகத்திமாவில் ஒரு பகுதி உண்டு. அதன் சாரம் இது.

முதல் தலைமுறை, கட்டியவர். தாம் கட்டியதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியும். எந்தக் குணங்களால் அது உருவாயிற்றோ அந்தக் குணங்களைக் காப்பாற்றுவார். இரண்டாவது, அவர் பிள்ளை. வாப்பாவோடு இருந்து, பார்த்தும் கேட்டும் கற்றவர். ஆனாலும் அனுபவித்தவருக்கும் கேட்டறிந்தவருக்கும் வித்தியாசம் இருக்கும். மூன்றாவது, பேரன். முன்னோர் செய்ததை அப்படியே பின்பற்றுவார். ஏன் செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான்காவது, கொள்ளுப்பேரன். இந்தப் பெருமை உழைப்பால் வந்தது என்பதே அவருக்குத் தெரியாது. பிறப்பாலேயே தமக்கு உரியது என்று நினைப்பார். மக்கள் தம்மை மதிப்பதைப் பார்க்கிறார். அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் மக்களிடமிருந்து விலகி நிற்பார், அவர்களைத் தாழ்வாக நினைப்பார். மக்களும் அவரை விட்டு விலகி வேறொருவரிடம் போய்விடுவார்கள்.

அரசுகளுக்கு அவர் இதைப்போலவே வேறொரு கணக்குச் சொல்கிறார். தலைமுறைக்கு நாற்பது ஆண்டுகள், மூன்று தலைமுறைகள், ஆக நூற்றிருபது ஆண்டுகள். பாலைவனத்தின் கடினத்தில் வளர்ந்தவர்கள் ஆட்சியைப் பிடிப்பார்கள். அந்தக் கடினத்தைக் கண்ணால் கண்டவர்கள் அதைத் தாக்குப்பிடிப்பார்கள். சுகத்தை மட்டுமே கண்டவர்கள் அதை இழப்பார்கள்.

படிக்கும்போது யாருடைய முகமாவது உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். பிறர் வீட்டை நினைப்பதற்கு முன் நம் அறக்கட்டளையைப் பற்றியே சொல்லிவிடுகிறோம். ஆரம்பித்த பெரியவர்கள் வசதியானவர்கள் அல்லர். வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி, அதை விற்று, அந்தக் காசில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர்கள். உம்மாமார்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்தார்கள். இரண்டாம் தலைமுறை அந்த மூட்டைகளைச் சுமந்தது. இன்று நிர்வாகத்தில் இருக்கும் நாங்கள், சிறுவர்களாக அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து விளையாடியவர்கள். நாங்கள் மூன்றாவது. பெரியவர்கள் செய்ததை அப்படியே செய்து வருகிறோம். இப்னு கல்தூனின் கணக்குப்படி அடுத்து வருவது நான்காவது.

மதில் கட்டிய நகரம்

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, விதி இதுதான் என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. நான்கு என்பது பெரும்பாலும் நடப்பது என்றுதான் அவர் சொல்கிறார். அதற்கு முன்பே அழிந்த வீடுகளும் உண்டு, ஐந்தாறு தலைமுறை வரை தேய்ந்துகொண்டே நீடித்த வீடுகளும் உண்டு. அதைவிட முக்கியமாக, மனிதனின் குணம் எங்கிருந்து வருகிறது என்பது பற்றி அவர் சொல்லும் கருத்து நமக்கு நம்பிக்கை தருகிறது. மனிதன் தன் பழக்கங்களின் பிள்ளை என்கிறார். பிறவிக் குணம் அவனை அவ்வளவாக ஆக்குவதில்லை. எந்த நிலைமைக்குப் பழகுகிறானோ அதுவே நாளடைவில் குணமாகிவிடுகிறது.

இதற்கு அவர் காட்டும் உதாரணம் நம் நிலைமைக்கு மிகவும் நெருங்கியது. பாலைவனத்தில் வாழ்பவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்கிறார்கள். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார்கள். அதனால் தைரியம் அவர்களுக்கு இயல்பாகிவிட்டது. நகரவாசிகளோ, காக்கும் பொறுப்பை ஆட்சியாளரிடமும் மதில்சுவரிடமும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தலைமுறைகள் செல்லச் செல்ல, வீட்டுப் பொறுப்பாளரை நம்பி இருக்கும் சிறு பிள்ளைகளைப்போல ஆகிவிடுகிறார்கள். அவர்கள் பிறவியில் கோழைகள் அல்லர். மதில் அவர்களை அப்படி ஆக்கிவிட்டது.

சகோதரர்களே, இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் அந்த மதில் எது? நம் அறக்கட்டளைதான்! பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், முன்பு அடுத்த வீட்டு உம்மா ஒரு சட்டிச் சோற்றை முந்தானையால் மூடி எடுத்துப் போவார். இப்போது எங்களுக்குப் போன் வருகிறது: "அந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்கள்." மையித் விழுந்தால் போன். ஒரு பெண் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்றால் போன். நாங்களும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டோம். எங்கள் ஆண்டறிக்கையில் எத்தனை குடும்பங்களுக்கு உதவினோம் என்று பெருமையாக அச்சிட்டோம். அக்கம்பக்கத்தார் செய்துகொண்டிருந்த எத்தனை வேலைகளை நாங்கள் எடுத்துக்கொண்டோம், அதனால் எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனது என்ற கணக்கை எழுதவில்லை. வாசலில் நின்று அழுத அந்த மகனுக்கு, வாப்பாவைக் குளிப்பாட்டும் வேலை எங்களுடையது என்று நினைக்கும்படி செய்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டு நியாயமான கேள்விகள்

நாங்கள் இப்படிச் சொல்லும்போது இரண்டு கேள்விகள் வரும். இரண்டும் நியாயமானவை.

ஒன்று: கூலிக்கு ஆள் வைத்தால் ஒரு ஏழைக்கு வேலை கிடைக்கிறதே, அது நல்லதுதானே? நல்லதுதான். சமையல்காரரின் கூலியை நிறுத்தப்போவதில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதை இப்னு கல்தூன் மிகப்பெரிய அநியாயங்களில் ஒன்றாகச் சொல்கிறார். உழைப்புத்தான் உழைப்பாளியின் சொத்து. அதைப் பறிப்பது அவர் சொத்தைப் பறிப்பதாகும் என்பது அவர் காட்டும் காரணம். எனவே சமைப்பவருக்கு உரிய கூலி குறையாமல் போய்ச்சேரும். நாங்கள் கேட்பது அவருக்குப் பக்கத்தில் நின்று துடுப்புப் போடவும், தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பவருக்கு முகம் பார்த்து ஊற்றிக் கொடுக்கவும் நம் பிள்ளைகளைத்தான். அந்த வேலையைக் கூலிக்கு விட்டால் கஞ்சி கிடைத்துவிடும். வரிசையில் நிற்கும் பெரியம்மா யார், அவர் வீட்டில் எத்தனை பேர் என்பது நம் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டு: வெளிநாட்டிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களால் பணம்தானே அனுப்ப முடியும்? உண்மை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் இங்கே பல அடுப்புகள் எரிகின்றன. அவர்களுடைய நெற்றி வியர்வைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: விடுமுறையில் ஊருக்கு வரும்போது இரண்டு நாட்கள் பிள்ளைகளோடு வாருங்கள். நீங்கள் அனுப்பும் பணம் எந்த வாசலுக்குப் போகிறது என்பதை உங்கள் பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும்.

அழைப்பது எப்படி?

பிள்ளைகள் வருவதில்லை என்று பெரியவர்கள் நாம் குறைபட்டுக்கொள்கிறோம். வந்த பிள்ளைகளை நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் ஆசையோடு கஞ்சி ஊற்ற வந்தான். அவசரத்தில் ஒரு வாளியைக் கொட்டிவிட்டான். எங்களில் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் அவனைச் சத்தம் போட்டார். அடுத்த நாள் அவன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இப்போது நன்றாகச் சம்பாதிக்கிறான். நன்கொடை மட்டும் ஒழுங்காக அனுப்புகிறான்.

பிள்ளைகளிடம் கடுமையாக நடந்துகொள்வதன் தீமையை இப்னு கல்தூன் தனிப்பகுதியாகவே எழுதியிருக்கிறார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை உற்சாகத்தை இழக்கிறது, சோம்பலுக்குப் போகிறது, கைக்குப் பயந்து பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. நாளடைவில் அந்தப் பொய்யே குணமாகிவிடுகிறது. தன்மானத்தையும், தன்னையும் தன் வீட்டையும் காக்கும் துணிவையும் இழந்துவிடுகிறது. இது தனி மனிதருக்கு மட்டுமல்ல, அடக்கி ஆளப்பட்ட சமூகங்களுக்கும் நேர்வதுதான் என்கிறார். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையை நல்ல முன்மாதிரியாகக் காட்டுகிறார். ஒரு நேரமும் வீணாகாமல் கற்றுக்கொடுக்கவேண்டும், ஆனால் மனம் வாடும்படி வருத்தக்கூடாது. சோம்பலுக்குப் பழகும் அளவு விட்டுவிடவும் கூடாது. முடிந்தவரை அன்பாலும் மென்மையாலும் திருத்தவேண்டும். அந்த அறிவுரையின் சாரம் இது.

எனவே எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாக்குறுதி தருகிறோம். உங்கள் பிள்ளை வாளியைக் கொட்டினாலும், ரசீதில் தவறாக எழுதினாலும், யாரும் சத்தம் போடமாட்டார்கள். இன்னொரு வாளியை எடுத்துக் கொடுப்போம்.

இந்த ஆண்டு செய்யவிருப்பது

இன்ஷா அல்லாஹ், மூன்று காரியங்களைத் தொடங்க நிர்வாகக் குழுவில் மஷூரா செய்து முடிவெடுத்திருக்கிறோம்.

முதலாவது, வரும் ரமலானில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு பிள்ளை இரண்டு நாட்கள் கஞ்சிப் பணிக்கு வரவேண்டும். வசதியான வீடு, வசதியில்லாத வீடு என்ற பாகுபாடு இல்லை. கஞ்சி வாங்குகிற வீட்டுப் பிள்ளையும் ஊற்றிக் கொடுக்க நிற்கலாம்.

இரண்டாவது, மாதம் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மையித்தைக் குளிப்பாட்டுவதும் கஃபனிடுவதும் எப்படி என்ற பயிற்சி. பெண்களுக்குப் பெண்களே தனியாக நடத்துவார்கள். தம் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் கடைசியாகச் செய்யவேண்டிய கடமையைத் தெரியாது என்று சொல்லி யாரும் வாசலில் நிற்கும் நிலை இனி வரக்கூடாது.

மூன்றாவது, ஸகாத் விசாரணைக்கு வீடுகளுக்குப் போகும்போது ஒவ்வொரு பெரியவரோடும் ஓர் இளைஞர் போவார். கேட்டதையும் பார்த்ததையும் வெளியே பேசுவதில்லை என்று அவர் முதலில் உறுதி தரவேண்டும். ஏழையின் மானம் அவருடைய அமானிதம். ஓராண்டு இப்படிப் போய்வந்தவர்களிலிருந்தே அடுத்த நிர்வாகக் குழுவில் பாதிப் பேரைத் தேர்ந்தெடுப்போம். நாங்கள் இடம் விட்டுக் கொடுக்காமல் அவர்கள் வரவில்லை என்று சொல்வது நியாயமாகாது.

கடைசியாக ஒன்று. நான்கு தலைமுறைக் கணக்கைச் சொல்லும் அதே பகுதியில் இப்னு கல்தூன் ஒரு ஹதீஸை நினைவூட்டுகிறார். யூசுஃப் (அலை), அவர் தந்தை யஃகூப் (அலை), அவர் தந்தை இஸ்ஹாக் (அலை), அவர் தந்தை இப்ராஹீம் (அலை) என்று கண்ணியத்துக்குரிய நான்கு தலைமுறைகளை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் அது. கண்ணியத்தின் எல்லை நான்கு என்பதற்கு ஆதாரமாக அவர் அதைக் காட்டுகிறார். எங்களுக்கு அதில் இன்னொன்றும் படுகிறது. அந்த வரிசையில் நான்காவதாக நிற்பவர் யூசுஃப் (அலை). அவர்கள் எதையும் அழிக்கவில்லை. பஞ்ச காலத்தில் களஞ்சியத்தின் பொறுப்பைக் கேட்டு வாங்கி மக்களுக்குத் தானியம் அளந்து கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன் கிணற்றில் கிடந்தார்கள், அடிமையாக விற்கப்பட்டார்கள், சிறையில் இருந்தார்கள். முன்னோரின் பெயரை வைத்துக்கொண்டு வாழாமல், தாமே பாடுபட்டு அந்த இடத்துக்கு வந்தார்கள்.

நம் பிள்ளைகள் கிணற்றிலும் சிறையிலும் கிடக்கவேண்டும் என்று எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார்கள். நாமும் விரும்பவில்லை. அண்டாவின் சூடும், சந்தூக்கின் பாரமும், ஒரு ஏழை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்கும் பொறுமையும் அவர்களுக்குப் பழக்கமாகவேண்டும் என்றுதான் கேட்கிறோம். வீடும் நிலமும் எழுதிவைப்பது போல இதையும் அவர்களுக்கு விட்டுச் செல்வோம். அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். பிள்ளையின் பெயரை நீங்களே நேரில் வந்து எழுதிக்கொடுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நாம் போன பிறகு இந்தப் பணியைச் சுமப்பவர்களாகவும் அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவின் சார்பில்